இந்தி பேசிப் பழகுவோம்: கைப்பேசியில் பாடம், குழுவில் பயிற்சி



"சார், மேடம், வாங்க" என்று கூப்பிடத் தெரியும். பொருளை எடுத்துக் காட்டத் தெரியும். ஆனால் விலை பேசும் நேரம் வந்தால் பக்கத்துக் கடைக்காரரைத் தேட வேண்டியிருக்கு. வெளிமாநிலக் கண்காட்சிக்குப் போய் வந்த உறுப்பினர்கள் பலரும் சொல்லும் குறை இதுதான். அதனால் இந்த மாதப் பாடத்தில், கைப்பேசியில் கிடைக்கும் ஆன்லைன் பாடங்களை வைத்து இந்தி பேசக் கற்பது எப்படி, எதை முதலில் கற்பது, எதில் ஏமாறாமல் இருப்பது என்று பார்ப்போம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

எதற்காக இந்தி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கைதான். அதனால் நம்மில் பெரும்பாலோர் இந்தி படித்ததில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்தி தெரிந்தால்தான் மதிப்பு என்பதும் இல்லை. பெங்களூரில் கடை போட்டால் கன்னடம் உதவும், திருப்பதியில் போட்டால் தெலுங்கு உதவும். அது போலத்தான் இதுவும். தேவை உள்ளவர்கள், தேவையான அளவுக்குக் கற்றால் போதும்.

தேவை எங்கே வருகிறது?

முதலாவது, விற்பனை. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 1999 முதல் 'சரஸ்' கண்காட்சிகளை நடத்தி வருகிறது. டெல்லி, குருகிராம், நொய்டா போன்ற ஊர்களில் நடக்கும் இந்தக் கண்காட்சிகளில் பல மாநில மகளிர் குழுக்கள் கடை போடுகின்றன. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் இந்தி பேசுபவர்கள்.

இரண்டாவது, உள்ளூர்த் தொழில். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். இட்லிக் கடை, மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு அவர்களும் வாடிக்கையாளர்கள்தான். ஒன்றை நினைவில் வையுங்கள். ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி ஒடியா, வங்காளக்காரருக்கு வங்காளம். அவர்களுக்கும் இந்தி கற்றுக்கொண்ட மொழிதான். அவர்களும் தப்பும் தவறுமாகப் பேசித்தான் பழகினார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

வங்கி விஷயம் மட்டும் வேறு. வங்கிப் படிவங்களும் அறிவிப்புகளும் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளை அலுவலர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும், விவரத்தைத் தமிழில் கேட்பது நம்ம உரிமை. புரியாத மொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நாம் இந்தி கற்பது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக இல்லை.

ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

போதாது. குழு ஆரம்பித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் நோட்டு அவரிடம், வங்கிப் புத்தகம் அவரிடம், கடைசியில் முடிவும் அவரிடம். மற்றவர்கள் கைநாட்டும் கையெழுத்தும் போடுவதோடு சரி. அதனால்தான் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பைச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இந்தியும் அப்படித்தான். கண்காட்சியில் ஒருவருக்கு மட்டும் பேசத் தெரிந்தால் விலையை அவர்தான் முடிவு செய்வார். யாருக்கும் தெரியாவிட்டால் இடையில் நிற்கும் ஆள் முடிவு செய்வார். பத்து நாள் வெயிலில் உட்கார்ந்து நாம் பின்னிய கூடைக்கு விலை நம்ம வாயிலிருந்து வரணும். அதனால் குழுவில் குறைந்தது நான்கைந்து பேராவது சேர்ந்து கற்க வேண்டும்.

எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

முன்பு இந்தி கற்க விரும்பினால் வாத்தியாரைத் தேடணும், இல்லை என்றால் 1918-ல் காந்தியடிகள் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் தேர்வு வகுப்புகளுக்குப் போகணும். சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் அது நல்ல வழி. பேசினால் போதும் என்பவர்களுக்குக் கைப்பேசிப் பாடங்கள் உதவும். அதில் பல வகை உண்டு.

1. 'லீலா' பாடம். மத்திய அரசின் ஆட்சிமொழித் துறைக்காகப் புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழ் வழியாகவே இந்தி கற்கலாம். பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று நிலைகள். எழுத்தும் உச்சரிப்பும் கற்க முதல் நிலை நல்லது. ஆனால் இது மத்திய அரசு ஊழியர்களுக்காகத் தயாரான பாடம். அதனால் அலுவலகம், கோப்பு, விடுப்பு என்று சொற்கள் வரும். சந்தைச் சொற்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

2. 'பாஷா சங்கம்' செயலி. மத்திய கல்வி அமைச்சகம் 2021-ல் வெளியிட்டது. 22 இந்திய மொழிகளில் அன்றாடப் பேச்சு வாக்கியங்களைக் கற்க அமைத்தது. இலக்கணத்தில் நுழையாமல் வாக்கியத்தையே கற்க விரும்புகிறவர்களுக்குப் பொருந்தும்.

3. யூடியூபில் உள்ள தமிழ் வழிப் பாடங்கள். நிறைய இருக்கின்றன, எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

4. மொழிபெயர்ப்புச் செயலிகள். தமிழில் பேசினால் இந்தியில் சொல்லும். ஒரு சொல்லைச் சரிபார்க்க உதவும். ஆனால் கண்காட்சிக் கூட்டத்தில், ஒலிபெருக்கிச் சத்தத்தில், நெட் கிடைக்காத இடத்தில் அதையே நம்பி நிற்க முடியாது.

எந்தப் பாடமானாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தமிழ் வழியாகச் சொல்லித் தருகிறதா? ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறதா? நாம் வாய்விட்டுச் சொல்ல இடைவெளி தருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் சேரலாம்.

கைப்பேசிப் பாடத்தின் பெரிய நன்மை, அது சலித்துக்கொள்ளாது. ஒரே சொல்லை நாற்பது தடவை கேட்டாலும் 'இன்னுமா புரியல?' என்று கேட்காது. அதன் குறை, நாம் சொல்வது எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று முழுமையாகக் காட்டாது. அந்தக் குறையைக் குழுதான் தீர்க்கணும்.

முதல் பாடம் காதுக்கு

தமிழில் 'க' என்று ஒரே எழுத்து. இந்தியில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள், நான்கு ஓசைகள். அதனால் இந்திச் சொல்லைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிப் படித்தால் மட்டும் போதாது. 'கானா' என்று எழுதுகிறோம். ஒரு விதமாகச் சொன்னால் சாப்பாடு, இன்னொரு விதமாகச் சொன்னால் பாட்டு, மூன்றாவது விதத்தில் ஒற்றைக் கண்ணர்! 'பீஸ்' என்று எழுதுகிறோம். ஒரு விதத்தில் 20, இன்னொரு விதத்தில் ஒரு உருப்படி. "ஒரு பீஸ் இருபது ரூபாய்" என்பதே இந்தியில் "ஏக் பீஸ் பீஸ் ருபயே" என்று வரும்.

பயப்பட வேண்டாம். இந்த ஓசைகளில் பாதி நம்ம வாயில் ஏற்கனவே இருக்கு. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, 'ம்' என்பதற்குப் பின் வரும் 'ப' வேறு. முதலாவது உருப்படியைக் குறிக்கும் பீஸ். இரண்டாவது 'ப' போலத் தொடங்கினால் இருபது. அதே போல 'குங்குமம்' என்பதில் இரண்டு 'கு'-வும் வேறு வேறு. 'தந்தம்' என்பதில் இரண்டு 'த'-வும் வேறு வேறு. எழுத்து ஒன்று, ஓசை இரண்டு.

மிச்சம் உள்ள ஓசைகளுக்கு மூச்சுக் காற்று வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு எதிரில் வைத்துக்கொண்டு, பாடத்தில் வரும் 'சாப்பாடு' என்ற சொல்லைக் கேட்டு அதே போலச் சொல்லுங்கள். கையில் காற்று பட்டால் சரி. படவில்லை என்றால் ஒற்றைக் கண்ணரைக் கேட்டதாக ஆகிவிடும்! இந்தப் பயிற்சியைக் குழுவில் செய்தால் சிரிப்பும் வரும், பாடமும் நிற்கும்.

இந்த இதழிலும் இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறோம். படித்ததோடு நிறுத்தாமல், கைப்பேசியில் ஒரு முறையாவது கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தெரிந்த சொற்களே பல உண்டு

ரசீது, வசூல், பாக்கி, அசல், நகல் என்று தினமும் சொல்கிறோம். இவை இந்தியிலும் இருக்கின்றன. ரசீத், வசூல், பாக்கீ, அசல், நகல். பழைய ஆட்கள் நிலவரித் தவணையைக் 'கிஸ்தி' என்பார்கள். இந்தியில் கடன் தவணைக்கு 'கிஸ்த்' என்றே பெயர். சுய உதவிக் குழுவை இந்தியில் 'ஸ்வயம் சஹாயதா சமூஹ்' என்பார்கள். சுயம், சகாயம், சமூகம் என்று பிரித்தால் நமக்கே புரிந்துவிடும். சேமிப்புக்கு 'பசத்'. கடனுக்குப் பொருள் கொடுப்பது 'உதார்'. இதை நம்ம ஊர் 'ஊதாரி'யோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாங்க வருபவர்கள் நம்மைத் 'தீதீ' என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். நாம் ஆண்களைப் 'பையா' எனலாம், அண்ணா என்று பொருள். நம்ம 'நீங்க' போல மரியாதைக்கு 'ஆப்'. வாடிக்கையாளரிடம் எப்போதும் 'ஆப்'தான்.

பெண் பேசும் இந்தி

தமிழில் 'நான் விற்கிறேன்' என்று ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறோம். இந்தியில் அப்படி இல்லை. ஆண் 'பேச்தா ஹூ' என்பார், பெண் 'பேச்தீ ஹூ' என்பார். செய்கிறேன் என்பதற்கு ஆண் 'பனாதா ஹூ', பெண் 'பனாதீ ஹூ'. பல பாடங்களில் முதலில் ஆண் பேசும் வடிவம்தான் வரும். அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டால் நாம் ஆண் மாதிரி பேசிக்கொண்டிருப்போம். வினைச்சொல்லில் 'தா' வருகிற இடத்தில் நமக்கு 'தீ'. நோட்டில் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்.

பணம் எண்ணும் பாடம்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். மற்ற தவறுகளுக்கு வாடிக்கையாளர் சிரித்துவிட்டுப் போவார். இதில் தவறினால் நம்ம பணம் போகும்.

தமிழில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று ஒரு ஒழுங்கு இருக்கு. பத்து எண் தெரிந்தால் மற்றவை தானே வரும். இந்தியில் 25 பச்சீஸ், 35 பைந்தீஸ், 45 பைந்தாலீஸ், 55 பச்பன். நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச் சொல். நூற்றையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் மறு வாரம் யாரும் வர மாட்டார்கள். அதனால் ஒரு சுலப வழி. கண்காட்சிக்கான விலையை முழு எண்ணாக வையுங்கள். 99, 149 வேண்டாம். 50, 100, 150, 200 என்று வைத்தால் கீழே உள்ள சொற்கள் போதும்.

10 தஸ், 20 பீஸ், 30 தீஸ், 40 சாலீஸ், 50 பச்சாஸ், 60 சாட், 70 சத்தர், 80 அஸ்ஸீ, 90 நவ்வே, 100 சௌ, 1000 ஹஜார்.

பச்சீஸ் 25, பச்சாஸ் 50. இரண்டும் காதில் ஒன்று போல விழும். சத்ரா 17, சத்தர் 70. சாத் 7, சாட் 60. இந்த ஜோடிகளைத் தனியாகப் பழகுங்கள்.

இனி முக்கியமானது. நாம் 150 ரூபாயை 'நூற்றைம்பது' என்கிறோம். இந்தி பேசுபவர்கள் 'ஒன்றரை நூறு' என்ற கணக்கில் சொல்வார்கள்.

சவா சௌ: 125
டேட் சௌ: 150
பௌனே தோ சௌ: 175
தோ சௌ: 200
சவா தோ சௌ: 225
டாயீ சௌ: 250
சாடே தீன் சௌ: 350
சாடே சார் சௌ: 450

கணக்கு இதுதான். 'சவா' என்றால் கால் கூட. 'பௌனே' என்றால் கால் குறைவு. 'சாடே' என்றால் அரை கூட. ஒன்றரைக்கு மட்டும் 'டேட்', இரண்டரைக்கு மட்டும் 'டாயீ' என்று தனிச் சொற்கள். 'டேட்' என்பதன் கடைசி ஓசை, நாம் 'காடு', 'நாடு' என்னும்போது வரும் 'ட' போல மெல்லியது.

இதில் என்ன ஆபத்து? ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பை 200 ரூபாய். ஒருவர் 20 பை கேட்கிறார், "பௌனே தோ சௌ" என்கிறார். நமக்குத் தெரிந்தது 'தோ சௌ' மட்டும். முன்னால் வந்த 'பௌனே' காதில் ஏறவில்லை. 200-தான் சொல்கிறார் என்று தலையாட்டுகிறோம். அவர் சொன்னது 175. 4,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 3,500 தான் வரும். 500 ரூபாய் நஷ்டம். அவர் ஏமாற்றவில்லை, நேர்மையாகத்தான் கேட்டார். நாம்தான் புரியாமல் ஒப்புக்கொண்டோம். பணம் வாங்கும்போது தகராறு செய்தால் கெட்ட பெயரும் நமக்கே.

அதனால் ஒரு விதி வையுங்கள். விலையைக் காதால் மட்டும் கேட்டு முடிக்கக் கூடாது. கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டணும், அவர் தலையாட்டணும், பிறகுதான் பொருள் கை மாறணும். இந்தி நன்றாகப் பழகிய பிறகும் இந்த விதியை விடாதீர்கள்.

எடைக்கும் நேரத்துக்கும் இதே கணக்குதான். கால் கிலோவுக்கு 'பாவ்', அரைக் கிலோவுக்கு 'ஆதா கிலோ', ஒன்றரைக் கிலோவுக்கு 'டேட் கிலோ'. 'சாடே தஸ் பஜே' என்றால் பத்தரை மணி. 'பௌனே தஸ் பஜே' என்றால் பத்துக்குக் கால் மணி இருக்கு. டஜனுக்கு 'தர்ஜன்'.

நேற்றா, நாளையா?

இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல்லுக்கு நேற்று என்றும் நாளை என்றும் பொருள். 'பர்சோ' என்றால் முந்தாநாளும் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. வாக்கியத்தின் முடிவைக் கேட்டுத்தான் எது என்று தெரியும். "கல் பைசே பேஜூங்கா" என்றால் நாளைக்குப் பணம் அனுப்புவேன். "கல் பைசே பேஜே" என்றால் நேற்றே அனுப்பிவிட்டேன். ஆர்டர் கொடுக்கும்போதும் பணம் வர வேண்டியபோதும் 'கல்'லை நம்பாமல் தேதியைக் கேளுங்கள். "கௌன்சீ தாரீக்?" என்றால் "எந்தத் தேதி?". பதிலை ஆர்டர் நோட்டில் எழுதிவிடுங்கள்.

கடைக்குப் பன்னிரண்டு வாக்கியங்கள்

1. ஆயியே, தேக்கியே. (வாங்க, பாருங்க.)
2. யே ஹம் குத் பனாதீ ஹை. (இதை நாங்களே செய்கிறோம்.)
3. கித்னே சாஹியே? (எத்தனை வேணும்?)
4. ஏக் பீஸ் டேட் சௌ ருபயே. (ஒன்று 150 ரூபாய்.)
5. தாம் ஏக் ஹீ ஹை. (ஒரே விலைதான்.)
6. இஸ்ஸே கம் நஹீ ஹோகா. (இதுக்கு மேல் குறையாது.)
7. தஸ் லேனே பர் பச்சாஸ் ருபயே கம். (பத்து எடுத்தால் 50 ரூபாய் குறைவு.)
8. உதார் நஹீ ஹை. (கடன் கிடையாது.)
9. பைசே அபீ நஹீ ஆயே. (பணம் இன்னும் வரவில்லை.)
10. ஃபிர் சே போலியே, தீரே தீரே. (மறுபடி சொல்லுங்க, மெதுவாக.)
11. லிக்கர் தீஜியே. (எழுதிக் கொடுங்க.)
12. தன்யவாத், ஃபிர் ஆயியே. (நன்றி, மறுபடி வாங்க.)

எல்லாவற்றிலும் முக்கியமானது பத்தாவது. புரியாதபோது சிரித்துத் தலையாட்டுவது நம்மில் பலருக்கும் பழக்கம். தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும். புரியாவிட்டால் தயங்காமல் மறுபடி கேளுங்கள்.

குழுவில் பழகும் முறை

தினமும் வீட்டில் 15 நிமிடம் கேட்க வேண்டும். அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம், வாய்விட்டுச் சொல்லணும். வாரம் ஒரு நாள் குழுக் கூட்டம் முடிந்த பின் 20 நிமிடம் பழக வேண்டும். சேமிப்பு, கடன் பேச்சைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். சொந்தக் கைப்பேசி இல்லாத உறுப்பினர், வைத்திருப்பவரோடு ஜோடி சேரலாம். வீட்டுக் கைப்பேசி கணவரிடமோ மகனிடமோ இருந்தால், இந்தப் பதினைந்து நிமிடத்தை எந்த நேரம் என்று முன்பே பேசி வையுங்கள். 'படிக்கிறதுக்கு' என்று சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

முதல் இரண்டு வாரம்: ஓசைப் பயிற்சி, பத்து பத்தாக எண்கள்.
மூன்று, நான்காம் வாரம்: சவா, டேட், பௌனே, டாயீ, சாடே. ஒருவர் விலை சொல்ல, மற்றவர் எண்ணை எழுதிக் காட்டணும்.
ஐந்து, ஆறாம் வாரம்: பன்னிரண்டு வாக்கியங்கள். நான்கு பேர் கடைக்காரர், நான்கு பேர் வாடிக்கையாளர். பிறகு இடம் மாற வேண்டும்.
ஏழு, எட்டாம் வாரம்: உங்கள் பொருளுக்கு உரிய சொற்கள். ஊறுகாய்க் குழுவுக்கு 'அசார்', மசாலாக் குழுவுக்கு 'ஹல்தீ', 'மிர்ச்'. என்ன பொருளால் செய்தது, எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லப் பழகணும்.

எழுத்து கற்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். பக்கத்தில் இந்தி பேசும் குடும்பம் இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணை மாதம் ஒரு முறை குழுவுக்கு அழையுங்கள். அவருக்கு நாம் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு பேருக்கும் லாபம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

• 'முதல் ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி, வங்கி அட்டை எண்ணோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியோ கேட்டால் நிறுத்துங்கள். நாள் முடிந்ததும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். ஏற்கனவே அனுமதி கொடுத்திருந்தால், பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோபே' பகுதியில் அதை ரத்து செய்யலாம்.
• பாடம் கற்க ஓ.டி.பி., ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் தேவையில்லை. கேட்டால் அது பாடம் இல்லை.
• '30 நாளில் இந்தி, வேலை உறுதி' என்ற விளம்பரங்களை நம்பிக் குழுப் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டணப் பாடம் தேவை என்றால் குழுவில் பேசித் தீர்மான நோட்டில் எழுதிய பிறகே கட்டுங்கள்.
• வீடியோ பார்த்தால் டேட்டா வேகமாகத் தீரும். பதிவிறக்கம் செய்ய வசதி உள்ள பாடமாக இருந்தால் ஒரு முறை இறக்கி வைத்துப் பல முறை கேளுங்கள்.
• கண்காட்சியில் யாராவது பணம் 'அனுப்புவதாக'ச் சொல்லி நம்ம ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. இந்தியில் வேகமாகப் பேசி அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். "பைசே அபீ நஹீ ஆயே" என்று சொன்னால் போதும்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவுக்கு இந்தி எந்த வேலைக்குத் தேவை? தேவையே இல்லை என்றால் வேறு எந்த மொழி அல்லது திறமை தேவை?
2. போன முறை வெளியூரில் விற்றபோது விலையை யார் பேசினார்கள்? மற்றவர்களுக்கு அது புரிந்ததா?
3. நம் பொருளுக்குக் குறைந்தபட்ச விலை என்ன? அதற்குக் கீழே போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாமல் கண்காட்சிக்குக் கிளம்பாதீர்கள். எந்த விலைக்கு மேல் லாபம் என்று தெரியாவிட்டால், எத்தனை மொழி தெரிந்தும் பயனில்லை.

பயிற்சி

இவற்றுக்கு எண் எழுதுங்கள்: (அ) சவா சௌ (ஆ) பௌனே தீன் சௌ (இ) சாடே சார் சௌ (ஈ) டாயீ ஹஜார் (உ) டேட் தர்ஜன்

விடைகள்: (அ) 125 (ஆ) 275 (இ) 450 (ஈ) 2,500 (உ) 18

ஐந்தும் சரியாக வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள். வராவிட்டால் பணம் எண்ணும் பாடத்தை இன்னொரு முறை சேர்ந்து படியுங்கள். இந்தப் பயிற்சியை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கி, பழகும் உறுப்பினர்களின் பெயர்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.